எண்பதாம் ஆண்டின் அன்னாசி லாரி

ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோது என்னைக் கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் பலன் எந்தக் காரணத்தைக் கொண்டும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதில் தபால் துறை காட்டிய அக்கறையை இன்றும் மதிக்கிறேன். விசைப்பலகையில் விரல் பழகி, சான்றிதழ் வாங்கி, மாலை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு மனைவியோடு கொல்லிமலைக்கு, செம்மேட்டுக்குக் குடிவந்தேன். மலைக்காற்று மூச்சிரைப்புக்கு நல்லது என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவர் மலையில் ஒரு மழைக்காலத்தைக்கூடக் கழித்ததில்லை என்பது பின்னால் தெரிந்தது.

அந்தச் சான்றிதழை மனைவி கூடத்தில் மாட்டியிருந்தாள். ஒரு மனுவில் திருத்தம் கேட்க வந்த பெண்மணி அதைக் கூர்ந்து பார்த்தார். திருப்புலி நாடு என்கிற மலைப்பகுதியில் அன்னாசி போடும் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்த மகளிர் குழுவுக்கு அவர் தலைவி. முப்பது வயதிருக்கும். மலையிலேயே பிறந்து, மலையிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர். எட்டாம் வகுப்புவரை படித்திருந்தார். மனுவை மறந்துவிட்டு, தங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறது என்றும், அதைத் தொட ஆளில்லாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பதாகவும் சொன்னார். மறுநாள் நான் சாக்கை எடுத்தேன்.

நகரத்தில் அப்போதே படமும் நிறமுமாக ஜன்னல்கள் திறக்கும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. எங்களுக்கு வாய்த்தது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எங்கள் தொலைபேசிக் கம்பி மரத்துக்கு மரம் தாவி வருவதால் அதற்குமேல் எதையும் அது தாங்காது. மோடம் சேலத்துக்கு எஸ்டிடி போட்டு, கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக ஒட்டிக்கொண்டால் அஞ்சல் பெட்டியின் பட்டியல் வரிவரியாக வரும். வரிசை எண், தேதி, அனுப்பியவர், பொருள். மௌஸ் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எழுத்தை அழுத்த வேண்டும்.

தலைவி முதல் நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“ஏனுங்க சார், இது பேசுமுங்களா?”

“பேசாது அம்மணி. எழுத்துதான்.”

“அப்பப் பொய் சொன்னா எழுத்துல இருக்கும். நல்லதுங்க.”

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் கோயம்புத்தூரில் இருந்த ஒரு ஜாம் கம்பெனி. அதுவரை அன்னாசியைச் சந்தைக்குக் கொண்டுபோய், கீழேயிருந்து வரும் வியாபாரிகள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அதற்குத் தலையாட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். திரும்பச் சுமந்துகொண்டு போக முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும். கம்பெனி மலைக்கே லாரி அனுப்பி எடை போட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. லாரி வரும் நாளை ஈமெயிலில் தெரிவிப்பார்கள். முந்தின நாள் வெட்டி ரோட்டோரம் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு முறை லாரி வந்து பழம் தயாராக இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்தது. பழம் மெத்தென்று ஆகியிருந்தால் எடுக்க மாட்டார்கள். தலைவி வீடு வீடாகப் போய்ப் பேசி, வியாபாரிகளிடம் முன்பணம் வாங்காதீர்கள் என்று கேட்டு, பதினைந்து குடும்பங்களைச் சேர்த்திருந்தார். எல்லாரும் அவருடைய ஒரு சொல்லை நம்பி நின்றார்கள். அவருடைய கொழுந்தன் மட்டும் குழுவில் ஒரு காலும் வியாபாரி வாசலில் ஒரு காலுமாக நின்றார்.

நானும் தலைவியும் தினமும் காலையில், தொலைபேசிக் கட்டணம் ஏறுவதற்கு முன், இணைப்பைப் போடுவோம். பெட்டி திறந்ததும் பட்டியலின் கடைசிப் பக்கம் திரையில் நிற்கும். பழையது மேலே, புதியது அடியில். அடியில் இருப்பதைப் படிப்போம். கம்பெனிக் குமாஸ்தா தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார். அதை உரக்கப் படித்தால்தான் புரியும். படித்ததும் இணைப்பைத் துண்டிப்போம். கட்டணம் ஓடும்போது பழைய கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்க நாங்கள் அரசு அலுவலகம் அல்ல.

இரண்டு மாதம் லாரி ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை.

திங்களன்றே வெட்டி அடுக்கியாகிவிட்டது. செவ்வாய் முழுக்க மழை. தார்ப்பாயின்கீழ் அன்னாசி புழுங்கி வாசம் கிளம்பியது. புதனும் அப்படியே போனது. வியாழக்கிழமை காலை, எதுவுமே நடக்காத மாதிரி லாரி வந்து நின்றது. கூட வந்த ஆள் நாலு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வந்த வழியே வண்டி திரும்பிப் போயிற்று. பழம் சந்தைக்குப் போனது. வியாபாரிகள் அன்று வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள் என்று தலைவி சொன்னார். அதுதான் அவருக்கு ஆறவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். கொள்முதல் பிரிவில் இருந்தவர், செவ்வாய் இல்லை, வியாழன் என்று ஞாயிற்றுக்கிழமையே மாற்றி எழுதிவிட்டோம், நீங்கள்தான் படிக்கவில்லை என்றார். அப்படி ஒன்று வரவே இல்லை என்றேன். அனுப்பியதற்குச் சாட்சி தன்னிடம் இருக்கிறது என்றார். வராததற்குச் சாட்சி என்னிடம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அப்படி ஒன்றை உலகத்தில் யாரும் வைத்திருக்க முடியாது என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் புகார் மனுக்களுக்குப் பதில் எழுதியவனுக்குத் தெரியாதா?

குழு கூடியது. தலைவியின் கொழுந்தன் பேசும்போது என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

“பொட்டி சொல்லுச்சுன்னு வெட்டுனோம். அந்தப் பொட்டியே தின்னுக்கட்டும், அண்ணி.”

சிலர் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம், அதுவும் தப்பினால் அவரவர் விருப்பம் என்றார். அவர் இறங்கிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

“ஏனுங்க, கடுதாசி தொலஞ்சா உங்க ஆபீசுல என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

“விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவோம்.”

“நெசமா விசாரிப்பீங்களா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட விசாரித்துவிடுவது எளிது என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், எஸ்டிடி மலிவாக இருக்கும் நேரத்தில், தலைவியை உட்கார வைத்துக்கொண்டு இணைப்பைப் போட்டேன். கட்டணம் எவ்வளவு ஆனாலும் என் பென்ஷனில் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

தொலைந்த தபாலைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் தேடக் கூடாது. அங்கே எல்லாரும் தேடியிருப்பார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து மேலே போனேன். தொண்டு நிறுவனத்துச் சுற்றறிக்கைகள், விதை விளம்பரங்கள், யாருக்கோ வர வேண்டிய கல்யாண அழைப்பு, எதையும் விடாமல் பக்கம் பக்கமாக ஏறினேன். கம்பி இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் மறுபடி போட்டேன். உச்சியில், முதல் கடிதத்துக்கும் மேலே, புதியது என்ற அடையாளத்தோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. கம்பெனியின் கோடவுனிலிருந்து வந்தது. செவ்வாய் இல்லை, வியாழன் என்று குமாஸ்தாவின் ஆங்கில எழுத்துத் தமிழில் இருந்தது. தேதி: 1980, ஜனவரி 1.

தபாலில் தாமதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது இரண்டாயிரம் பிறக்கவிருந்த நேரம். 1980-இல் இந்த அன்னாசிக்கு விதைக் கன்றே கிடையாது. கம்பெனியும் கிடையாது.

“அப்ப நான் சடங்குகூட ஆகலீங்க சார்,” என்றார் தலைவி. “அந்த வருசத்துலயே நம்மளுக்கு எழுதிட்டாங்களாக்கும்.”

காரணத்தை அன்று மாலைக்குள் கண்டுபிடித்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சிலவற்றில் இதுவும் ஒன்று. கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், பழைய மாதிரிக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் 1980 ஜனவரி முதல் தேதியில்தான் கண் விழிக்கும். கடிதத்தில் நள்ளிரவுக்கு மேல் ஏதோ சில நிமிடம் என்று போட்டிருந்தது. பெட்டியைப் போட்டுச் சில நிமிடத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கோடவுனில் தினமும் புத்தாண்டு. யாருக்கும் வயதாகாது, பதவி உயர்வு வராது, பென்ஷனும் வராது.

எங்கள் அஞ்சல் பெட்டி கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தது. எந்தத் தேதி என்று நான் அதுவரை கேட்கவில்லை. அனுப்புகிறவர் தன் கடிதத்தின் தலையில் போட்டுக்கொள்ளும் தேதி. தபால் நிலையத்தில் கடைநிலை ஊழியர்கூட அதை நம்ப மாட்டார். பிறந்தநாள் வாழ்த்தை மறந்துபோய்ப் பிந்திப் போடுகிறவர்கள் எல்லாரும் முந்தின தேதிதான் போடுவார்கள். நாங்கள் நம்புவது உறைமேல் விழும் எங்கள் முத்திரையை. இந்தப் பெட்டி உறையை எறிந்துவிட்டு, உள்ளே எழுதியிருந்த தேதியைப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தது.

டாலர் குறியை அழுத்தினால் வரிசை மாற்றும் பட்டியல் வரும் என்று உதவிப் பக்கத்தில் இருந்தது. பொருள்படி, அனுப்பியவர்படி, அளவுப்படி, தேதிப்படி என்று பல வழிகள். அவற்றில் ஒன்று, வந்து சேர்ந்தபடி. அதற்குரிய எழுத்தை அழுத்தினேன். திரை ஒருமுறை கலைந்து அடுக்கிக்கொண்டது. 1980 கடிதம் உச்சியிலிருந்து இறங்கி, தான் வந்த நாளில் போய் உட்கார்ந்தது. செவ்வாய்க் கடிதத்துக்கு நேர் கீழே.

தலைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கீழ எறக்கறதுக்கு ஒரு எழுத்துப் போதுமுங்களா என்று கேட்டார்.

போதாது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. பெட்டியைத் திறந்ததும் எல்லாம் பழையபடி தேதி வரிசைக்குத் திரும்பியிருந்தது. டாலர் போட்டு மாற்றுவது அன்றைய அமர்வுக்கு மட்டும் செல்லும் தற்காலிக உத்தரவு. நிரந்தர உத்தரவுக்கு அமைப்புப் பக்கத்துக்குள் போய், மிக நீண்ட ஒரு பட்டியலில் வரிசை என்ற தலைப்பைத் தேடி, அங்கே குறிபோட்டு, வெளியே வரும்போது சேமிக்கவா என்ற கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும். திங்கள் தலைப்பைத் தேடி முடிப்பதற்குள் கம்பி அறுந்தது. செவ்வாய் குறி போட்டேன், சேமிக்கும் முன் அறுந்தது. புதன்கிழமை கம்பியின் இரைச்சல் தானே எழுத்துகளாக மாறித் திரையில் கொட்டி, எனக்கு முன் ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டது. ஒரு சாதாரண விருப்பத்தைப் பதிவு செய்ய இத்தனை முட்டுக்கட்டை போடும் அமைப்பை வேறெங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் எனக்குச் சலிக்கவில்லை. இந்த மாதிரி இடங்களில் கடைசிவரை நிற்பவன்தான் ஜெயிப்பான். வியாழன் காலை சேமித்தாயிற்று. வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். அது நின்றிருந்தது.

கோடவுனில் பேட்டரி மாற்றும்படி கொள்முதல் பிரிவுக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பேட்டரி தேங்காய்ச் சில்லு அளவுதான் இருக்கும்.

அடுத்த லாரிக்கான கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகலில் இணைப்பைப் போட்டபோது வந்தது. வந்தது என்பது சரியல்ல, இரண்டு வந்தன. கொள்முதல் பிரிவிலிருந்து ஒன்று: லாரி புதன் காலை. அதன் கீழே கோடவுனிலிருந்து ஒன்று: லாரி திங்கள் மாலை. இதன் தேதி வழக்கம்போல 1980.

திங்கள் மாலை என்றால் நாளை விடிந்ததும் வெட்ட வேண்டும். கம்பெனிக்குப் போன் போட்டேன். காவலாளி எடுத்தார். ஆபீசுக்கு ஞாயிறு லீவு, கோடவுனில் மட்டும்தான் ஆள் இருக்கும் என்றார். கோடவுன் எண்ணைக் கேட்டேன். வெளியாருக்குக் கொடுக்க உத்தரவில்லை, கொள்முதல் பிரிவு மூலமாகத்தான் வர வேண்டும் என்றார். நல்ல காவலாளி. என் காலத்தில் கிடைத்திருந்தால் என் அறை வாசலில் உட்கார வைத்திருப்பேன்.

செய்தி பரவி, சிலர் வந்துவிட்டார்கள். கொழுந்தனும் வந்தார். அவர் திரையில் ஆங்கில எண்களை மட்டும் படிப்பார்.

“எம்பதாம் வருசத்துக் கடுதாசிய நம்பி நாளைக்கு வெட்டறதா அண்ணி? இன்னொருக்கா அழுகுனா யாரு மூஞ்சில முழிப்பீங்க?”

தலைவி என்னைப் பார்த்தார். “சாருங்க, கீழ இருக்கறது பின்னால வந்துச்சுன்னு சொன்னீங்க.”

“வந்து சேர்ந்தது பின்னால்,” என்றேன்.

“எழுதுனது?”

சரியான கேள்வி. பின்னால் எழுதியது முன்னால் வந்து சேரும், முன்னால் எழுதியது வழியில் எங்காவது படுத்துறங்கிவிட்டுப் பின்னால் வரும். தபால் பைகள் ஜங்ஷன்களில் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோடவுன் கடிதம் வெள்ளிக்கிழமையே எழுதப்பட்டு, வழியில் தங்கி, இன்று வந்திருந்தால் புதன்தான் சரி. வரிசையைச் சரிசெய்ததோடு விஷயம் முடியவில்லை. கோடவுனின் கடிகாரமும் உதவாது.

உதவிப் பக்கத்தைத் திரும்பப் புரட்டினேன். கடிதத்தின் முழுத் தலைப்பையும் காட்டும் ஒரு விசை இருந்தது. அதற்கும் ஓர் அனுமதி வேண்டியிருந்தது. அமைப்புப் பக்கத்தில் போய்க் குறி போட்ட பிறகே அந்த விசை வேலை செய்யும். இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. குறி போட்டேன், சேமித்தேன், கடிதத்தைத் திறந்து விசையை அழுத்தினேன்.

வழக்கமான நாலு வரிக்குப் பதில் திரை முழுக்க எழுத்து. கடிதம் எந்தெந்தக் கம்ப்யூட்டர் வழியாக வந்ததோ, ஒவ்வொன்றும் தன் பெயரையும் தான் வாங்கிய நேரத்தையும் பதிந்திருந்தது. புதிதாக வாங்கியது தன் முத்திரையை மேலே குத்தும். ஆகவே அடியிலிருந்து படிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தேதியை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில், கோடவுனிடமிருந்து முதலில் வாங்கிய நிலையத்தின் முத்திரையைப் பார்த்தேன். ஞாயிறு, விடிகாலை. பக்கத்தில் லண்டன் நேரம் என்று இருந்தது. ஐந்தரை மணி கூட்டினேன். ஞாயிறு, முற்பகல். இன்றைக்குத்தான்.

கொள்முதல் கடிதத்தையும் அதேபோல் திறந்தேன். அடி முத்திரை சனிக்கிழமை மாலை.

தலைவிக்கு அதை ஒருமுறைதான் விளக்கினேன். உள்ளே எழுதியிருப்பது அவர்கள் சொல்வது, இந்த முத்திரைகள் வழியில் இருந்தவர்கள் சொல்வது, வழியில் இருந்தவர்களுக்கு நம் அன்னாசியில் எந்த அக்கறையும் இல்லை, அதனால் நம்பலாம் என்றேன். புதன் என்றது நேற்று. திங்கள் என்றது இன்று. திங்கள்தான்.

“தப்புனா?” என்றார் கொழுந்தன்.

நான் பதில் சொல்லத் தொடங்குமுன் தலைவி சொன்னார்: “தப்புனா எம் பழத்தோட உன் பழத்தயும் சந்தைக்கு நானே சொமந்துட்டுப் போறேன். வெட்டறியா?”

“நான் புதன்கிழமைக்கு வெட்டறேன்.” அவர் எழுந்து போய்விட்டார்.

மற்றவர்கள் திங்கள் விடியலில் வெட்டினார்கள். இங்கே தோட்டத்துக்குக் காடு என்று பேர். முறை வைத்து ஒரு காட்டில் எல்லாரும், பிறகு அடுத்த காட்டில் எல்லாரும் என்று வெட்டுவார்கள். கொழுந்தன் காட்டில் மட்டும் நுழையாமல் தாண்டிப் போனார்களாம். மதியத்துக்குள் ரோட்டோரம் அன்னாசி அடுக்கி ஆகிவிட்டது. எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் குடையோடு போய் நின்றேன்.

நாலு மணிக்கு லாரி இல்லை. ஐந்துக்கும் இல்லை. பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, எனக்குக் கேட்காத அளவுக்கு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவி தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிடுவதும், திரும்ப இழுப்பதுமாக இருந்தார். முத்திரைகளை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். சனி மாலை, ஞாயிறு முற்பகல். ஐந்தரையைக் கழிக்காமல் கூட்டினேன் என்பதையும் சரிபார்த்துக்கொண்டேன். கணக்கில் பிழை இல்லை. லாரி பங்க்சர் ஆகாது என்று எந்த முத்திரையும் உறுதி சொல்லாது என்பதுதான் மிச்சம்.

மஞ்சு என்று இங்கே சொல்லும் மூடுபனி இறங்கும் நேரத்தில் கீழ் வளைவில் ஹாரன் கேட்டது. பிறகு மேல் வளைவில். யாரும் எழவில்லை. விளக்கு கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

அமுக்கிப் பார்க்கும் ஆள் வந்து அமுக்கிப் பார்த்தார். தலையாட்டினார். எடை போட்டு ஏற்றத் தொடங்கினார்கள். பாதிச் சுமை ஏறியபோது கொழுந்தன் வந்து நின்றார். கையில் எதுவும் இல்லை. லாரியையும் குவியலையும் பார்த்தார். புதன்கிழமை இனி வண்டி இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

தலைவி நேரே டிரைவரிடம் போனார்.

“கண்ணு, இன்னும் ஒரு காடு பாக்கி இருக்குது. கொஞ்சம் நில்லுங்க.”

“அக்கா, இருட்டிருச்சுன்னா எழுவது வளைவும் எந்தலைல தானுங்க. மஞ்சு வேற.”

“ஏறி வந்த வளைவுதான சாமி, அதுங்க எங்க போயிரப் போவுது? டீ போடச் சொல்றேன்.”

பிறகு அவர் திரும்பி, தங்கள் பங்கை ஏற்றி முடித்து உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். ஒருத்தி அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்கள். கொழுந்தன் முன்னால் நடந்தார். அவர் வேகமாக நடக்க, அவர்கள் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. டிரைவர் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எஞ்சினைக் கிளப்பினார். தலைவி போய் லாரியின் படிக்கட்டில் ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கவில்லை.